லிண்ட்னர் கொண்டுவந்த விலை

தாலுகா ஆபீசில் போய் ‘கம்யூனிட்டி’ என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். “கம்யூனிட்டி வாங்கிட்டியாப்பா?” என்று கேட்டால் சாதிச் சான்றிதழைக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் ‘கண்ட்ரி கிளப் கம்யூனிட்டி’ என்று பெயர் வைத்து வீடு விற்கிறார்கள் என்று படிக்கும்போது நம்ம ஆளுக்கு என்ன தோன்றும்? கிளப் வைத்திருக்கிற சாதி என்றுதான் தோன்றும். அகராதிப்படி இது தப்பு. ‘குடியிருப்பு’ என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் தப்பான மொழிபெயர்ப்பு சில சமயம் சரியான விமர்சனமாகிவிடுகிறது. அந்தத் தப்பைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் போன மாதம் லொரெய்ன் ஹான்ஸ்பெர்ரி எழுதிய ‘எ ரெய்ஸின் இன் த ஸன்’ நாடகத்தை எடுத்துக்கொண்டோம். 1959இல் நியூயார்க்கின் பிராட்வேயில் மேடையேறியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதி பிராட்வேக்கு வந்த முதல் நாடகம். கதை இதுதான்: சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஒரு பழைய குடியிருப்பில் மூன்று தலைமுறை நெருக்கியடித்து வாழ்கிறது. தாய் லீனா, மகன் வால்டர் ஒரு வெள்ளைக்கார முதலாளிக்கு டிரைவர், மருமகள் ரூத் வீட்டுவேலைக்காரி, மகள் டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுகிறவள், ஒரு பேரன். செத்துப்போன தகப்பனின் இன்சூரன்ஸ் பணம் 10,000 டாலர் வருகிறது. அதில் 3,500 டாலரை முன்பணமாகக் கட்டி, வெள்ளையர் மட்டுமே வாழும் கிளைபோர்ன் பார்க்கில் லீனா ஒரு வீடு வாங்குகிறாள். புரட்சி பண்ண வாங்கவில்லை. கறுப்பர்களுக்கென்று விற்கிற வீடுகள் இதைவிட ரெண்டு மடங்கு விலை, அதனால் வாங்குகிறாள். மீதிப் பணத்தை மகன் ஒரு மோசக்காரனிடம் கொடுத்து ஏமாறுகிறான். அப்படியும் கடைசியில் குடும்பம் மூட்டை முடிச்சோடு புது வீட்டுக்குக் கிளம்புகிறது. திரை விழுகிறது.

படித்து முடித்ததும் ஒரு தோழர் சொன்னார்: “ஜெயிச்சுட்டாங்கல்ல தோழர். அப்ப அந்தக் காலம். இப்ப காசு இருந்தா யாரு எங்க வேணா வாங்கலாம்.” அவர் வங்கிக் கடன் போட்டு நகரத்தின் ஓரத்தில் ஒரு மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருப்பவர். அவர் சொன்னதற்கு யாரும் பதில் பேசவில்லை. இந்த நாடகத்தை உலகம் பூராவும் அப்படித்தான் வாசித்திருக்கிறார்கள், கனவு பலித்த கதையாக. எனக்கு அந்த வாசிப்பு ஒப்பவில்லை.

நாடகத்தில் லிண்ட்னர் என்று ஒருத்தன் வருகிறான். ஒரே ஒரு வெள்ளைக்காரப் பாத்திரம், ரெண்டு முறைதான் வருகிறான். கத்தியோ கல்லோ கொண்டு வரவில்லை, கைப்பெட்டியோடு வருகிறான். கிளைபோர்ன் பார்க் முன்னேற்றச் சங்கத்தின் பிரதிநிதி. மரியாதையாகப் பேசுகிறான், கெட்ட வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. எல்லோருடைய சந்தோஷத்துக்கும் அவரவர் அவரவர் கம்யூனிட்டியில் இருப்பதே நல்லது என்கிறான். (நம் ஊர்ப் பஞ்சாயத்தில் இதே பேச்சைக் கேட்காதவர் யார்?) பிறகு விஷயத்துக்கு வருகிறான். நீங்கள் கொடுத்த விலைக்கு மேலேயே போட்டுத் தருகிறோம், வீட்டை எங்களுக்கே விற்றுவிடுங்கள்.

விமர்சகர்கள் கடந்துபோகிற இடம் இதுதான். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வீட்டுக்கு ஒரு விலை உண்டு. அந்த வீட்டுக்கு நீ வராமல் இருப்பதற்கு அதைவிட அதிக விலை உண்டு. அப்படியானால் அந்தத் தெருவில் உண்மையில் விற்கப்படுகிற சரக்கு எது? செங்கல்லும் மரமும் புல்வெளியும் அல்ல. நாம் அங்கே இல்லாமல் இருப்பதுதான் சரக்கு.

லிண்ட்னரின் பேச்சை ஹான்ஸ்பெர்ரி கற்பனையில் பிடிக்கவில்லை. அதற்கு அரை நூற்றாண்டு முந்தைய மூலப்பிரதி இருக்கிறது. மிசௌரி மாநிலத்தின் கான்சாஸ் சிட்டியில் ஜே.சி. நிக்கோல்ஸ் என்ற நில வியாபாரி, ஒரு கண்ட்ரி கிளப்பின் பக்கத்தில் இருந்த நிலங்களை மனைபோட்டு ‘கண்ட்ரி கிளப் டிஸ்ட்ரிக்ட்’ என்று பெயர் வைத்து 1900களின் முதல் பத்தாண்டிலேயே விற்கத் தொடங்கினார். அந்தப் பத்திரங்களை இலக்கியப் பிரதி மாதிரி வாசிக்க வேண்டும். வேலி இவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், வீடு இன்ன விலைக்குக் குறைந்து கட்டக்கூடாது என்ற வரிகளுக்கு நடுவே, கறுப்பர்களுக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற வரி சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறது. சாக்கடைக்கும் சாதிக்கும் ஒரே நடை, ஒரே மை. அதோடு, காலக்கெடு முடிந்ததும் நிபந்தனைகள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாமென்றால் பெரும்பான்மைச் சொந்தக்காரர்கள் வருஷக்கணக்கில் முன்கூட்டியே எழுதிப் பதிய வேண்டும். மனு எழுதியவருக்குக்கூட இந்த யோசனை வரவில்லை!

இந்த மாதிரிப் பத்திரங்கள் நாடு முழுக்கப் பரவின. அவற்றில் பலவற்றில் ஒரு விதிவிலக்கு உண்டு: வீட்டு வேலைக்காரர்களாகத் தங்குகிறவர்களுக்குத் தடை கிடையாது. இந்த ஒரு வரியை நம்மைப்போல் புரிந்துகொள்ள வேறு யாராலும் முடியாது என்று நினைக்கிறேன். துணி துவைக்கலாம், குழந்தைக்குப் பால் கொடுக்கலாம், புல்வெட்டலாம், ராத்திரி கொட்டகைக்கு மேலே உள்ள அறையில் படுத்துக்கொள்ளலாம். பத்திரத்தில் பெயர் மட்டும் வரக்கூடாது. ஊர் இதை எழுதிவைக்காமலேயே செய்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. ஒன்பது நீதிபதிகளில் மூவர் வழக்கிலிருந்து விலகிக்கொண்டார்கள். காரணம் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுப் பத்திரத்திலும் அதே வரி இருந்திருக்கும் என்பதுதான் பரவலான நம்பிக்கை. 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், வீடு விற்பதில் நிறபேதம் காட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் கையெழுத்தானது. பழைய பத்திரங்களில் அந்த வரிகள் செத்த பாம்பு மாதிரி இன்னும் கிடக்கின்றன.

பாம்பு செத்தது, புற்று அப்படியே இருந்தது. புற்று என்று நான் சொல்வது கிளப்பை. பொது இடங்களில் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 சிவில் உரிமைச் சட்டம், உண்மையான தனியார் கிளப்புகளுக்கு விலக்கு கொடுத்திருந்தது. கிளப்போடு சேர்ந்த குடியிருப்பில் வீடு வாங்குவதில் இரண்டு காகிதம் உண்டு. ஒன்று வீட்டுப் பத்திரம். இன்னொன்று கிளப் உறுப்பினர் அட்டை. சில இடங்களில் வீடு வாங்கினால் உறுப்பினராகியே தீர வேண்டும். சில இடங்களில் வீட்டை விற்பவர் விற்கலாம், உறுப்பினராக்குவதைக் கிளப்தான் முடிவு செய்யும். ஏற்கெனவே உள்ளவர்கள் முன்மொழிய வேண்டும், வழிமொழிய வேண்டும், குழு கூடி ஓட்டுப்போட வேண்டும். பழைய கிளப்புகளில் பெட்டிக்குள் உருண்டை போடுவார்கள். வெள்ளை உருண்டை என்றால் சம்மதம். கறுப்பு உருண்டை விழுந்தால் ஆள் வெளியே. நிறத்தைக் கவனித்தீர்களா? நமக்கும் இது புதுசில்லை. உத்திரமேரூர் குடவோலையை ஜனநாயகத்தின் தொட்டில் என்று பாடப்புத்தகம் கொண்டாடுகிறது. பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டில் குடத்துக்குள் பெயர் போவதற்குத் தகுதி என்ன? வரி கட்டுகிற நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. எம்.ஏ. வகுப்பில் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த எந்த ஆசிரியரும் அந்த மூன்றையும் சேர்த்து நிறுத்திப் பார்க்கச் சொன்னதில்லை.

“காசு இருந்தா” என்ற தோழருக்கு ரெண்டு சம்பவம் சொல்ல வேண்டும். ரெண்டும் 1990இல் நடந்தவை. அலபாமாவில் பர்மிங்ஹாம் அருகே ஷோல் கிரீக் என்று கிளப்போடு கூடிய ஒரு குடியிருப்பு. அதை நிறுவிய ஹால் தாம்சன், அங்கே பெரிய கோல்ஃப் போட்டி நடக்கவிருந்த நேரத்தில், தங்கள் கிளப் கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை என்று பத்திரிகைக்காரரிடம் வாய்விட்டார். கிளப் எங்கள் வீடு, யாரைச் சேர்ப்பதென்று நாங்கள்தான் பொறுக்குவோம் என்பது அவர் வாதம். கவனியுங்கள், ‘வீடு’ என்கிறார். போராட்ட அறிவிப்பு வந்தது. ஐபிஎம் போன்ற கம்பெனிகள் தொலைக்காட்சி விளம்பரத்தைத் திரும்பப் பெற்றன. அதன் பிறகே லூயிஸ் வில்லி என்ற கறுப்பினத் தொழிலதிபர் கௌரவ உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். இன்னொன்று அதே கான்சாஸ் சிட்டியில். வருமானவரிக் கணக்கு எழுதுவதைப் பெரிய கம்பெனியாக்கிய கோடீஸ்வரர் ஹென்றி பிளாக்குக்கு அங்குள்ள கண்ட்ரி கிளப் இடம் மறுத்தது. அவர் யூதர். அதைக் கண்டித்துப் புகழ்பெற்ற ஆட்டக்காரர் டாம் வாட்சன் உறுப்பினர் பதவியைத் துறந்தார். பிளாக்கிடம் இல்லாத காசா?

இதை வைத்துக்கொண்டு மறுபடி நாடகத்துக்கு வாருங்கள். 1959 மேடையேற்றத்தில் ஒரு காட்சியை வெட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஜான்சன் அம்மா, வெள்ளையர் பகுதிக்குப் போன ஒரு கறுப்புக் குடும்பத்தின் வீட்டில் குண்டு வைத்த செய்தியைப் பத்திரிகையோடு கொண்டுவரும் காட்சி. பின்னர் வந்த பதிப்புகளில்தான் அது திரும்பச் சேர்ந்தது. வெட்டியதற்கு நீளம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தக் காட்சி இல்லாத நாடகத்தைப் பார்த்தவர்கள் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனார்கள். அந்தக் காட்சியோடு படித்தால் கடைசியில் மூட்டை கட்டுகிற சத்தம் வேறு மாதிரி கேட்கிறது.

ஹான்ஸ்பெர்ரிக்கு அடுத்த அங்கம் தெரியும். 1937இல் அவர் தகப்பன் கார்ல் இதேபோல் நிபந்தனைப் பத்திரம் உள்ள பகுதியில் வீடு வாங்கினார். கும்பல் கூடியது. ஜன்னல் வழியாக வந்த கல் சிறுமி லொரெய்னை மயிரிழையில் தவறவிட்டது. தகப்பன் வழக்கு நடத்த வாஷிங்டனில் இருந்தார். தாய் ராத்திரி முழுக்கக் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு வீட்டைச் சுற்றிவந்தார். பத்திரிகைக்கு எழுதிய ஒரு கடிதத்தில் லொரெய்னே இதைச் சொல்கிறார். 1940இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். ஆனால் முந்தைய வழக்கின் தீர்ப்பு இவர்களைக் கட்டுப்படுத்தாது என்ற நடைமுறைக் காரணத்தில்தான் ஜெயிப்பு. நிறபேத நிபந்தனை தப்பு என்று கோர்ட் சொல்லவில்லை. ஜெயித்த கார்ல், நாட்டையே விட்டுக் குடும்பத்தோடு மெக்சிகோவுக்குப் போய்விடத் திட்டமிட்டார். 1946இல் அங்கேயே இறந்தார்.

அம்பேத்கர் 1917இல் கொலம்பியாவில் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்குப் போனபோது தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து நின்றார்கள். காசு கொடுத்துத்தான் தங்கியிருந்தார். அதை வைத்து ஒரு சமூகத்தையே குற்றம் சொல்ல வரவில்லை. அன்றைக்கு அவர் கேட்ட இந்து நண்பரும் கிறிஸ்தவ நண்பரும்கூட இடம் தரவில்லை. ஆனால் 2005இல் அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், தன் சமூகத்தார் மட்டுமே உறுப்பினர் என்ற விதி செல்லும் என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கம் அமைக்கும் உரிமை என்றது. சிறுபான்மையினர் ஒருவரையொருவர் காத்துக்கொள்ள அந்த வாசலைத் திறந்தார்கள் என்று சொல்வோர் உண்டு. சரி. அந்த வாசல் வழியாக வேறு யார் யாரெல்லாம் சங்கம் கட்டிக்கொண்டு நுழைவார்கள்? லிண்ட்னரும் ஒரு சங்கத்திலிருந்துதான் வந்தான்.

இதையெல்லாம் அடுத்த கூட்டத்தில் சொன்னேன். தோழர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “பக்கத்து மனைக்காரரு அன்னைக்கு வந்து பேசினாரு. நல்லாத்தான் பேசினாரு. சொந்த ஊரு எதுன்னாரு, சொன்னேன். ஊர்ல எந்தத் தெருன்னாரு” என்றார். என்ன சொன்னீர்கள் என்று யாரோ கேட்டார்கள். போன் வந்த மாதிரி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாராம்.

தையில் புதுமனை புகுவிழா. அழைப்பிதழில் சொந்த ஊரின் பெயரைப் போடுவதா வேண்டாமா என்று அவர் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.