கனவான்களும் தராசும்

'கனவான்' என்னும் சொல்லை நாம் இன்று பெரும்பாலும் எள்ளலாகவே வழங்குகிறோம். அதன் பிறப்பில் எள்ளல் இல்லை. வடமொழியில் 'கன' என்பது செறிவையும் திண்மையையும் குறிக்கும். 'வான்' உடைமை காட்டும் விகுதி. எடையுடையவன் என்பதே நேர்ப்பொருள். 'முதலாளி' முதலை ஆள்பவன். ஒன்று எடையையும் மற்றொன்று பொருளையும் குறித்துத் தொடங்கி, இரண்டும் செல்வாக்கின் பெயர்களாயின.

இத்தகைய சொற்களின் அதிகாரத்தை நுணுகிக் கண்டவர் தோப்பில் முகமது மீரான் (1944–2019). தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து, திருநெல்வேலியில் வாழ்ந்து, மிளகாய் வற்றல் வணிகம் செய்தவர். தராசை அறிந்த கை அவருடையது. 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் (1988) வடக்கு வீட்டு அகமதுக்கண்ணுவுக்கு 'முதலாளி' என்பது வெறும் பட்டமன்று, ஆட்சி. பள்ளிவாசலும் ஊரும் அவர் சொல்லுக்கு அடங்குகின்றன. சுறாப்பீலி வணிகர் மகமூது மட்டும் பணிய மறுக்கிறார். இதனை நிலவுடைமைக் கொடுமையின் சித்திரமாக மட்டும் படிப்பது போதாது. முதலாளியின் கனம் அவருடைய தோப்புகளில் மட்டுமில்லை. அவரை அவ்வாறு அழைப்போரின் நாவிலும் இருக்கிறது. ஒருவர் பணிய மறுத்ததுமே தட்டு ஆடத் தொடங்குகிறது.

1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சாய்வு நாற்காலி' இதன் மறுபக்கம். முஸ்தபாக்கண்ணு வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்று உண்கிறார். முதல் போயிற்று; முன்னோர் பெருமை மட்டும் நாற்காலியில் சாய்ந்திருக்கிறது. அந்தக் கனம் வீட்டுப் பெண்களின் மீது சுமையாக இறங்குகிறது. முன்னைய நாவல் அதிகாரத்தின் வலிமையைக் காட்டிற்று. இது அதன் உள்ளீடின்மையைக் காட்டுகிறது. ஆகவே இதனையே முதிர்ந்த படைப்பு என்போம்.

திருமறையின் அர்ரஹ்மான் அத்தியாயம் மனிதர், ஜின் ஆகிய இரு இனத்தாரையும் 'ஸகலான்' என விளிக்கிறது. கனமுடைய இரு சாரார் என்பது அதன் சொற்பொருள். அங்கே கனம் ஒரு சிலரின் தனியுடைமை அன்று. அல்காரிஆ அத்தியாயமோ மறுமைத் தராசின் எடையைப் பேசுகிறது. உலகில் பெருத்துத் தோன்றியவர் அங்கே கொசுவின் சிறகளவும் எடை பெறாமற் போகலாம் என நபிமொழி எச்சரிக்கிறது.

தாமிரபரணிக் கரையில் மேலப்பாளையத்திலோ பேட்டையிலோ, வேறெந்த ஊரிலோ, நம் கூட்டங்களின் முன்வரிசை நாற்காலிகள் யாருக்கு ஒதுக்கப்படுகின்றன என்று நோக்குவோம். மீரான் எழுப்பிய வினா பழையதாகிவிடவில்லை: நாம் கனம் என மதிப்பதை எந்தத் தராசில் நிறுத்தோம்?