தூரத்து ஊர் முதலில்

மந்தாரக்குப்பத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் முதலில் தேவனாம்பட்டினம்தான். வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர். ஷிப்ட் முடிந்து வந்தவர் குளித்துவிட்டுக் கிளம்பினாலும் மாலைக் காற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். கோடை விடுமுறையில் உறவுக்காரர்களோடு கடலோரத்தில் நாலு நாள் அறை எடுத்துத் தங்கும்போதுதான் சிக்கல். முதல் நாள் அலை, இரண்டாம் நாளும் அலை. மூன்றாம் நாள் காலையில் “வேறு எங்காவது போய் வரலாமே” என்று ஒரு குரல் எழும். உடனே எல்லோரும் ஒருவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு மாமாவோ அத்தையோ இல்லாத குடும்பம் குறைவு. அவர்கள் கையில் இருப்பது சுற்றுலாப் பட்டியல் போலத் தெரிந்தாலும், அதைத் தொகுப்பது ஒரு கலை.

இந்தக் கரையில் அந்தக் கலைக்குத் தீனி ஏராளம். புதுச்சேரியிலிருந்து தரங்கம்பாடி வரை, சாலை வழியே ஏறக்குறைய 120 கிலோமீட்டருக்குள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், டேனிஷ்காரர் என எல்லோரும் வந்து கடை விரித்திருக்கிறார்கள். இத்தனைக்கும் சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் என்று சொல்ல எதுவும் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளிக் கடலில் நங்கூரமிட, மூட்டைகள் சிறு படகுகளில் அலை தாண்டிப் போயின. வெள்ளையரை இங்கே இழுத்தது துணி. உள்நாட்டில் நெசவூர்கள், கடல் முனையில் ஓர் ஆற்று வாய்: இந்த இரண்டும் சேர்ந்த இடமெல்லாம் ஒரு கொடி பறந்தது. கடலூருக்குக் கெடிலமும் பெண்ணையும், பரங்கிப்பேட்டைக்கு வெள்ளாறு, புதுச்சேரிக்கு அரியாங்குப்பம் ஆறு. கைலிக்குப் பேர்போன குறிஞ்சிப்பாடியைப் பேருந்தில் கடக்கும்போது இதை நினைத்துக்கொண்டால், கடற்கரை வருவதற்கு முன்பே பயணம் தொடங்கிவிடும்.

இனி வரிசை. பக்கத்து ஊரை முதலில் முடித்துவிட்டுத் தூரத்துக்குப் போவதுதான் எல்லோருக்கும் தோன்றும் வழி. இந்தக் கரைக்கு அது ஒத்துவராது. பக்கத்தில் இருக்கும் கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் நடந்தவை அதிகம், நிற்பவை குறைவு. தூரத்துத் தரங்கம்பாடியில்தான் ஒரு வணிகக் கம்பெனியின் ஊர் ஏறக்குறைய முழு உருவத்தோடு நிற்கிறது. அதைக் கண்ணால் பார்த்தவருக்கே மற்ற ஊர்களின் வெற்றிடங்கள் பேசத் தொடங்கும். ஆகவே தெம்பு மிச்சமிருக்கும் முதல் நாளைத் தூரத்து ஊருக்குக் கொடுக்க வேண்டும்.

மந்தாரக்குப்பத்திலிருந்து கிளம்பினாலும் தேவனாம்பட்டினத்திலிருந்து கிளம்பினாலும் தரங்கம்பாடி சுமார் 100 கிலோமீட்டர். விடியலில் புறப்பட்டால் சிதம்பரத்தில் இட்லியும் கொத்சுவும் சாப்பிடலாம். அதற்குமேல் அங்கே உட்காரக் கூடாது. இந்தக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், அங்குள்ள டேனிஷ் கோட்டையான டான்ஸ்போர்க்கின் கடல் பார்த்த முகத்துக்குக் காலை வெயிலே அழகு. பிற்பகலில் போனால் அந்த முகம் நிழலில் கிடக்கும்.

கோட்டை திறக்கும்வரை தெருவில் நடக்கலாம். 1792-இல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்தால் கிங்ஸ் தெரு நேராகக் கடலைப் பார்த்து ஓடும். 1701-இன் சீயோன் தேவாலயம் ஒருபுறம். 1718-இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் இன்னொரு புறம். 1706-இல் வந்து இறங்கிய மதபோதகர் சீகன்பால்கு, தமிழ் கற்று, அச்சகம் வரவழைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். 1719-இல் இறந்த அவர் தாம் கட்டிய கோயிலிலேயே அடக்கமாகியிருக்கிறார். பிறகு கோட்டை. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ் தளபதி ஓவே கெத்தேயோடு செய்த உடன்படிக்கையின் பலன் அது. கீழ்த்தளத்தில் கிடங்கும் சிறையும், மேல்தளத்தில் அதிகாரிகளின் அறைகளும் என்று, ஒரு வணிகக் கம்பெனி எப்படி வாழ்ந்தது என்பதை ஒரே கட்டடத்தில் படித்துவிடலாம். கடலோரத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலில் அலை தின்றது போக எஞ்சியது, டேனிஷ்காரருக்கு மூன்று நூற்றாண்டு மூத்தது.

இவ்வளவும் எப்படித் தப்பிப் பிழைத்தன? 1845-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். 1861-இல் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது. வணிகமும் அந்தப் பக்கமே போய்விட்டது. வளராத ஊரில் இடித்துக் கட்ட யாருக்கும் அவசியம் வரவில்லை.

வழியில் திருக்கடையூரும் பூம்புகாரும் கூப்பிடும். இரண்டையும் அதே நாளில் செருகினால் மூன்று ஊரும் பேருந்து ஜன்னல் காட்சியாகிவிடும். கூட வந்த பெரியவர்கள் திருக்கடையூர் அபிராமியைப் பார்த்தே தீர வேண்டும் என்றால், பூம்புகாரை விட்டுக்கொடுக்கலாம்.

மறுநாள் கடலூர் போதும். அதற்கு அரை நாளே அதிகம். அலையில் குளிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690-இல் ஆங்கிலேயர் இதை மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்று பேச்சு. குண்டின் எல்லைக்குள் வந்தவை ‘குண்டு கிராமங்கள்’ ஆயின. கடலூரில் குண்டு சாலை இன்றும் இருக்கிறது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபின் 1752 வரை ஆங்கிலேயரின் தென்னிந்தியத் தலைமையிடம் இதுதான். ராபர்ட் கிளைவ் 1756-இல் இதன் ஆளுநர். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்துத் தகர்த்துவிட்டார். இன்று சில இடிபாடுகளே மிச்சம். தரங்கம்பாடியைப் பார்த்துவிட்டு வந்தவர் அங்கே நின்றால், எது எங்கே இருந்திருக்கும் என்று மனத்தில் கட்டிக்கொள்வார்; பார்க்காதவர் “இவ்வளவுதானா?” என்பார்.

கடலூரில் வேறொரு வேட்டையும் உண்டு: பெயர்ப்பலகை படிப்பது. இம்பீரியல் சாலை, லாரன்ஸ் சாலை, கேப்பர் மலை என்று ஊரே ஒரு பழைய பதிவேடு. அமெரிக்க விடுதலைப் போரின் கடைசி மோதல்களில் ஒன்று 1783 ஜூனில் இங்கே நடந்தது. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கடலூரை ஆங்கிலப் படை முற்றுகையிட்டிருந்த வேளையில், ஐரோப்பாவில் சமாதானம் பேசியாகிவிட்டது என்ற செய்தி வந்து சண்டை நின்றது.

பரங்கிப்பேட்டை பொறுமைசாலிகளின் ஊர். 1781 ஜூலை 1-இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படை ஹைதர் அலியைத் தோற்கடித்தது இங்கே. 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் இரும்பாலை தொடங்கியதும் இங்கேதான். தாது சேலம் பக்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுவடுகளைத் தேடி அலைவதைவிட வெள்ளாற்று முகத்துவாரத்தில் நின்று, ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்று பார்ப்பது பலன் தரும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் உயிரியல் மையம் இங்கே அமைந்ததற்கும் அதே ஆற்று வாய்தான் காரணம். குழந்தைகள் சலித்தால் பிச்சாவரம் பக்கத்திலேயே இருக்கிறது. ‘இதயக்கனி’யில் எம்.ஜி.ஆர். வலம்வந்த சுரபுன்னைக் காட்டுக் கால்வாய்கள் அவர்களைச் சமாதானப்படுத்தும்.

புதுச்சேரிக்குக் கிழமை முக்கியம். அங்கே அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை.  கடற்கரைச் சாலை மாலையில் வண்டிகளுக்கு மூடப்படும். பகலில் மஞ்சள் சுவர் முன் படம் எடுக்கும் கூட்டத்தை விட்டு, பெரிய வாய்க்காலுக்கு மேற்கே திண்ணையும் தெருத் தாழ்வாரமும் கொண்ட தமிழ் வீடுகளின் பக்கம் நடப்பவரே விவரமானவர். 1736 முதல் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு அந்தப் பக்கம்தான். பாரதி பத்தாண்டு அடைக்கலம் பெற்றதும் இந்த ஊரில். 1918-இல் அவர் பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் கைதாகி அடைபட்டது கேப்பர் மலையில் உள்ள கடலூர்ச் சிறையில். முன்பே கேப்பர் மலையைக் கண்டவர்களுக்கு அந்தச் சில கிலோமீட்டர் எல்லையின் கனம் தானாகப் புரியும்.

இந்த வரிசை ஜனவரி முதல் மார்ச் வரை சுகம். மே மாதத்தில் பதினொரு மணிக்கு மேல் நடையைச் சுருக்கிக்கொண்டு, பண்ருட்டிப் பலாச்சுளையோடு நிழலில் ஒதுங்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானிலை அறிக்கை கேட்காமல் கிளம்பக் கூடாது. நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்; அவற்றுக்கு ஓர் இரவுத் தங்கல் வேண்டும்.