அடை வைக்கும் கலை

நாட்டுக்கோழி ஒரு பருவத்து முட்டைகளை இட்டு முடித்ததும் அடைக்கு உட்கார்கிறது. பொழுது சாய்ந்த பிறகும் முட்டையிடும் இடத்தை விட்டு எழாது. கை நீட்டினால் இறகு சிலிர்த்து, அடித்தொண்டையில் உறுமி, கொத்த வரும். இரை தேடும் நேரத்திலும் ஓயாமல் கொக் கொக் என்று தனித்த குரல் கொடுக்கும். மூளையடிச் சுரப்பி விடும் புரோலாக்டின் என்னும் சுரப்புநீர் இந்த மாற்றத்தைச் செய்கிறது. அது முட்டையிடுவதை நிறுத்துகிறது. நெஞ்சடி இறகுகள் உதிர்ந்து, வெறுந்தோலின் சூடு முட்டையில் நேரே படுகிறது. இரண்டு மூன்று நாள் இந்தக் குறிகள் நீடித்தால் கோழி உண்மையாகவே அடையில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

பண்ணைக் கோழிகளிடம் இந்தக் குணம் அருகிவிட்டது. அடைக்கு உட்காரும் கோழி அத்தனை வாரங்கள் முட்டையிடாது என்பதால், தலைமுறை தலைமுறையாக அடைகாக்காத கோழிகளையே தேர்ந்து பெருக்கினார்கள். ஒயிட் லெக்ஹார்ன் அப்படி வந்த இனம். பெங்களூரு ஹெப்பாளில் கால்நடை அறிஞர்கள் புறக்கடை வளர்ப்புக்காக உருவாக்கிய கிரிராஜாவும் அடைகாப்பதில்லை. அதன் முட்டையைப் பொரிக்கக் கருவி வேண்டும், இல்லையேல் ஒரு நாட்டுக்கோழியின் வயிற்றுச் சூடு வேண்டும். பெங்களூரின் சிவாஜிநகர் போன்ற நெருக்கமான பேட்டையில் மொட்டை மாடியிலோ பின்கட்டிலோ நாலு கோழி வளர்க்கும் வீட்டில், நன்றாக அடைகாக்கும் ஒரு பெட்டை இருந்தால் அதுவே பொரிப்பகம், அதுவே வளர்ப்புத் தாய். உடல் இலேசான சிறுவிடை முட்டையை உடைக்காமல் பதமாக உட்காரும். அசீல் பெட்டை குஞ்சுக்காக எதையும் எதிர்த்து நிற்கும். முன்பு ஒருமுறை குஞ்சு பொரித்துத் தேறிய கோழி எந்த இனமானாலும் நம்பத்தக்கது.

அடையின் வெற்றியில் பாதி, முட்டை பொறுக்குவதிலேயே தீர்மானமாகிறது. மளிகைக் கடையில் அட்டையில் வரும் வெள்ளை முட்டை சேவல் அண்டாத பண்ணையில் இட்டது. அதில் கரு இராது. சேவலோடு திரியும் பெட்டையின் முட்டைதான் வேண்டும். நடுத்தர அளவு, ஒழுங்கான வடிவம், விரிசலற்ற ஓடு ஆகியவை பார்க்க வேண்டியவை. கழுவினால் ஓட்டின் மேற்பூச்சு போய்க் கிருமி உள்ளே புகும். இட்டு ஏழு நாளைக்குள் அடை வைத்துவிட வேண்டும். அதுவரை அகன்ற முனை மேலே இருக்கும்படி குளிர்ந்த இடத்தில் வைக்கலாம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரின் தட்பவெப்பம் இதற்குப் பெரிய துணை. நாட்டுக்கோழிக்குப் பத்து, பன்னிரண்டு முட்டை போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வைத்தால்தான் ஒன்றாகப் பொரியும். மற்றக் கோழிகள் அடைக்கூடையில் வந்து இட்டுப்போகும் முட்டைகளைப் பிரித்தறிய, வைத்த முட்டைகளில் பென்சிலால் கோடு போட்டுவைப்பது நல்லது.

மூங்கில் கூடையிலோ அகன்ற மண்சட்டியிலோ மணலைக் குழிவாகப் பரப்பி, அதன்மேல் வைக்கோல் இட்டால் அடைப்படுக்கை தயார். இருட்டும் அமைதியும் எலி, பெருச்சாளி நுழையாத காப்பும் அதற்கு வேண்டும். இடியோசையில் கரு கலங்காமலிருக்க இரும்புத் துண்டோ அடுப்புக்கரியோ போட்டுவைப்பது தமிழ் வீடுகளின் பழைய வழக்கம். அதைவிட முக்கியமானது பேன் பார்ப்பது. பேன் அரித்தால் எவ்வளவு நல்ல கோழியும் முட்டையை விட்டு எழுந்துவிடும். கோழியை இடம் மாற்றுவது இரவில்தான் சரி. இருட்டில் புது முட்டையின்மேல் உட்கார்த்தினால், விடிவதற்குள் அந்த இடத்தைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளும்.

அடுத்த 21 நாளும் கோழியின் நாட்கள். முட்டைகளை ஏறக்குறைய 37.5 டிகிரி செல்சியசில் வைத்து, பகலும் இரவும் அலகால் புரட்டி, ஓரத்து முட்டையை நடுவுக்கும் நடுமுட்டையை ஓரத்துக்கும் மாற்றிக்கொண்டே இருக்கிறது. கருவிகள் மின்சாரத்தாலும் அளவுமானியாலும் செய்வதை அது தோலின் உணர்வால் செய்கிறது. நாளுக்கு ஒருமுறை எழுந்து, தின்று, குடித்து, எச்சமிட்டு, மண்குளியல் போட்டுக் கால்மணி நேரத்தில் திரும்பும். சோளம் போன்ற முழுத்தானியமும் நல்ல தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் வளர்ப்பவரின் கடமை முடிந்தது. ஏழாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், கரு பிடித்த முட்டைக்குள் சிலந்திவலை போல இரத்த நாளங்கள் தெரியும். தெளிந்தே இருப்பதை எடுத்துவிடலாம். விட்டுவைத்தால் கூமுட்டையாகி, வெடித்து மற்றதையும் கெடுக்கும்.

பதினெட்டாம் நாளுக்குப் பின் கூடையைத் தொடாமலிருப்பதே திறமை. ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு கீச்சிட, தாய் தாழ்ந்த குரலில் பதில் தரும். வெளியே வருமுன்பே இருவரும் அறிமுகமாகிவிடுகிறார்கள். முதல் கீறலிலிருந்து குஞ்சு வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம். அந்த நேரத்தில்தான் மீதி மஞ்சள்கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது, ஓட்டோடு ஒட்டிய நாளங்களில் இரத்தம் வற்றுகிறது. அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் குஞ்சு இரத்தம் சிந்திச் சாகும். உள்ளிழுத்த மஞ்சள்கரு இரண்டு நாளுக்கு உணவாகும் என்பதால், முந்திப் பொரித்ததும் பிந்தியதற்காகப் பசியின்றிக் காத்திருக்கும்.

தாய் எழுந்து குஞ்சுகளை அழைத்ததும் தீனி வைக்க வேண்டும். நொய்யரிசி, கேழ்வரகு தொடக்கத்துக்கு உதவும். வளர்ச்சிக்குப் புரதம் 20 சதவீதம் உள்ள குஞ்சுத்தீவனம் தேவை. முட்டைக்கோழித் தீவனத்தின் மிகுந்த சுண்ணாம்பு குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாயும் இப்போது முட்டையிடாததால் எல்லாருக்கும் குஞ்சுத்தீவனமே பொருந்தும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டுவைத்தால் குஞ்சு மூழ்காது. தரை ஈரமானால் இரத்தக்கழிச்சல் வரும். வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்க்கு முதல் வாரத்திலேயே சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் போடுவது வழக்கம்.

குஞ்சுகளை மந்தையில் சேர்ப்பது இந்தக் கலையின் நுட்பமான பகுதி. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டு. 1920களில் நார்வே நாட்டு அறிஞர் தோர்லீஃப் ஷெல்டெருப்-எபே இதை முறையாக விளக்கினார். தாயை வெகுநாள் மறைத்துவைத்தால் வரிசையில் அதன் இடம் போய்விடும். ஆகவே முதல் வாரத்திலேயே தாயையும் குஞ்சுகளையும் மந்தையின் நடுவில், வலைக்கூண்டிலோ பஞ்சாரத்திலோ கவிழ்த்து வைக்க வேண்டும். எல்லாரும் எல்லாரையும் பார்க்கலாம், யாரும் தொட முடியாது. இரண்டாம் வாரத்தில் மாலை வேளையில் அரைமணி நேரம் திறந்துவிட்டு, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டலாம். சீண்ட வரும் கோழியைத் தாய் ஓரிரு பாய்ச்சலில் அடக்கிவிடும். பெரிய கோழி நுழையாத இடுக்குள்ள ஓர் அடைப்பும், இரண்டு மூன்று இடங்களில் தனித்தனித் தீனித்தட்டும் இருந்தால் சண்டை குறையும்.

மேலிருந்து வரும் ஆபத்தும் உண்டு. இறைச்சிக் கடைகள் நிறைந்த சிவாஜிநகரில், ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றிய வானத்தில் பருந்துகள் வட்டமிடுகின்றன. பருந்துக்கு ஒரு குரலும் தரையில் வரும் பூனைக்கு வேறொரு குரலும் தாயிடம் உண்டு. முதல் குரலுக்குக் குஞ்சுகள் அசையாமல் பதுங்கும். கருவியில் பொரித்த குஞ்சுக்கு அருகிலிருந்து எச்சரிக்க ஆளில்லை. எனினும் மாடிக்கு மேலே வலை கட்டுவதே உறுதியான காப்பு. சந்தையில் வாங்கும் கோழியை இரண்டு வாரமாவது தனியே வைத்துப் பார்த்த பிறகே குஞ்சுகள் உள்ள இடத்தில் விட வேண்டும்.

ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தாய் குஞ்சுகளைக் கொத்தி விலக்கத் தொடங்கும். குஞ்சுக்கு இறகு முளைத்து, மந்தையின் ஒழுங்கு பழகியிருக்கும் காலம் அது. ஆகவே இதில் தலையிடத் தேவையில்லை. தாய் மறுபடி சேவலோடு சேர்ந்து முட்டையிட்டு, சில வாரங்களில் மீண்டும் அடைக்கு உட்காரும். அப்போது குஞ்சு வேண்டாமென்றால், அடியில் காற்றோடும் கம்பித்தரைக் கூண்டில் தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால் அடை தெளியும். மூக்கில் இறகு செருகும் பழைய முறை வெறும் வதை. அதைக் கைவிட வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு அடைகள் போதும். நடுவில் உடல் தேறிய கோழிதான் அடுத்த ஈட்டையும் குறைவின்றிப் பொரித்து வளர்க்கும்.