கிளாஸ் கழுவின தண்ணி

2021 ஏப்ரல் 17, சனிக்கிழமை. ஸ்ரீமுஷ்ணத்தில் சின்னம்மா வீட்டில் இருந்தேன். விடிந்தும் விடியாததுமாக டி.வி. ஓடுகிறது. எந்த சேனலைத் திருப்பினாலும் விவேக். கீழே 'காலமானார்' என்று எழுத்து ஓடுகிறது; மேலே மனிதர் யாரிடமோ அடி வாங்கிக்கொண்டு ஓடுகிறார். சின்னம்மா குபீரென்று சிரித்துவிட்டார். உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"பாவி, போன அன்னிக்கும் சிரிக்க வைக்கிறானே..."

அன்றைக்கு நான் கேட்ட இரங்கல் செய்திகளிலேயே உருப்படியானது இதுதான். மற்றவை?

டீக்கடைக்குப் போனேன். "முந்தாநாள் ஊசி போட்டாரு, இன்னிக்கு ஆளே இல்ல. கணக்குப் பண்ணிக்குங்க சார்" என்றார் பெஞ்சில் இருந்தவர். நாலு தலைகள் ஆடின. நானும் பி.காம். படித்தவன்தான், ஆனால் இந்தக் கணக்கு எனக்கு வரவில்லை. சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கேமராக்களுக்கு முன்னால் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டதே ஜனங்களின் பயம் போகட்டும் என்றுதான். மறுநாள் மாரடைப்பு, அதற்கு மறுநாள் மரணம். வயது 59. இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் அப்போதே சொன்னார்கள். அக்டோபரில் மத்திய அரசின் நிபுணர் குழுவும் அதையே சொன்னது. பயம் அக்டோபர் வரை காத்திருக்குமா? லாரியில் எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்களை வாழ்நாளெல்லாம் கிண்டலடித்தவர். கடைசியில் அவர் சாவையே எலுமிச்சம்பழமாக்கி வாசலில் கட்டிவிட்டோம்.

சின்னம்மாவும் கட்டினார். "எனக்கு ஊசியே வேணாம்ப்பா." நான் புள்ளிவிவரம் சொன்னேன், சத்தம் போட்டேன், பேப்பரை எடுத்துக் காட்டினேன். ம்ஹூம். பிறகு வந்த நர்ஸம்மாதான் கெட்டிக்காரி. திண்ணையில் உட்கார்ந்து, "விவேக் காமெடில உங்களுக்கு எதும்மா ரொம்பப் புடிக்கும்?" என்று கேட்டார். அரை மணி நேரம் இரண்டு பேரும் அதையே பேசினார்கள். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வாரமும் வந்தார். மூன்றாவது தடவை சின்னம்மாவே கையை நீட்டிவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

விவேக்கிடம் எனக்குக் குறையே கிடையாதா? உண்டு. 'சிவாஜி' படத்தில் அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண்களின் கறுப்பு நிறத்தை வைத்து ஒரு காமெடி வருமே... அதில் அவரும் இருந்தார். தியேட்டரில் நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மாநிறமான என் அக்கா மகளைப் பார்த்ததும் கூசியது. பெண்களின் நிறமும் உடம்பும் அவர் காமெடியில் அடிக்கடி மலிவு விலைக்குப் போயின. சில இடங்களில் சிரிப்பு தீர்ந்துபோய் பிரசங்கம் மட்டும் நிற்கும். இதையெல்லாம் சாவு வீட்டில் பேசக் கூடாது என்பார்கள். 'சின்னக் கலைவாணர்' என்று படத்துக்கு மாலை போட்டுவிட்டால் அப்புறம் அவர் நடித்ததைப் பார்க்கவே வேண்டாம் என்று ஒரு சௌகரியம் இருக்கிறதே, அது எனக்குப் பிடிக்கவில்லை. மைல்கல்லைச் சாமியாக்கிக் கும்பிடும் காமெடியில் அவர் சிரித்தது நம் எல்லோரையும் பார்த்து. அந்த விவேக் பெரிய ஆள். 2015-ல் பதின்மூன்று வயது மகனைப் பறிகொடுத்துவிட்டு மறுபடி கேமரா முன்னால் வந்து நம்மைச் சிரிக்க வைத்தவர் இன்னும் பெரிய ஆள்.

சரி, மரக்கன்றுக்கு வருவோம். அப்துல் கலாம் சொன்னார் என்பதற்காக 'கிரீன் கலாம்' என்று ஆரம்பித்து, ஒரு கோடி மரம் நடுவேன் என்று கிளம்பினார் விவேக். 33 லட்சத்தைத் தாண்டியிருந்தபோது போய்விட்டார். மிச்சத்தை நாம் நடுவோம் என்று அந்த வாரம் தமிழ்நாடே கிளம்பியது. ஸ்ரீமுஷ்ணத்திலும் ஒரு தெருவோரத்தில் பதினோரு கன்றுகள். ஒரு கன்றுக்கு எட்டுக் கைகள், பத்து செல்போன்கள். ஒன்பதாவது கன்று அடியேன் நட்டது. போட்டோவில் நன்றாக வந்திருந்தேன்.

நட்டது சித்திரை வெயிலில்! மே 10-ந் தேதி ஊரடங்கு வந்தது. நான் சென்னைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கன்று யாருக்கு ஞாபகம்?

விவேக் படித்ததும் காமர்ஸ்தான், மதுரை அமெரிக்கன் கல்லூரியில். (எங்களுக்குள் ஒற்றுமை அதோடு சரி.) முதல் வருஷப் பாடத்திலேயே வரும்: மெஷின் வாங்குவது மூலதனச் செலவு, அதற்கு எண்ணெய் போடுவது நடப்புச் செலவு. நாம் எல்லோரும் மூலதனம் போட்டுப் படம் எடுத்துக்கொள்கிற கட்சி. எண்ணெய் போட ஆள் இல்லை. இத்தனைக்கும் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு மரத்தின் அருமை தெரியாமல் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் முந்திரியையும் பலாவையும் ஒரே ராத்திரியில் சாய்த்துவிட்டுப் போனது. புதுக்கன்று வைத்துவிட்டுக் காய்ப்புக்காக வருஷக்கணக்கில் காத்துக்கிடந்த ஜனங்கள் இவர்கள். பூமியையே தூக்கி நிறுத்திய பூவராகசாமி வேறு ஊருக்கு நடுவில் இருக்கிறார்.

ஐப்பசியில் மறுபடி போனபோது அந்தத் தெருவோரத்தில் எண்ணிப் பார்த்தேன். எட்டு இடத்தில் வெறும் குச்சி. அதில் என் ஒன்பதாம் நம்பரும் உண்டு. ஒரு கன்றை ஆடு மேய்ந்திருந்தது. ஒரு வேம்பு உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம். டீக்கடை எதிரில் இருந்த புங்கன் மட்டும் என் தோள் உயரத்துக்கு வந்து, இலை பளபளவென்று நின்றது.

கடைக்காரர் அன்றைக்குப் போட்டோவில் இல்லாதவர். அவரிடம் கேட்டேன்.

"கிளாஸ் கழுவின தண்ணிய எங்கியாச்சும் ஊத்தணும்ல சார்" என்றார்.