படக்கதைக் களத்தில் வாண்டுமாமா

கபடியும் கிரிக்கெட்டும் அலசப்படும் இப்பத்தியில் ஒரு படக்கதை ஆசிரியரைக் கொண்டுவந்து நிறுத்துவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயினும், குவித்த ஓட்டங்களைக் காட்டிலும், எத்தகைய களத்தில், எவருடைய துணையோடு குவித்தார் என்பதைக் கொண்டே ஆட்டக்காரரை மதிக்க வேண்டும் என்னும் நம் பழைய அளவுகோல், 1925-இல் புதுக்கோட்டைச் சீமையின் அரிமளத்தில் பிறந்து 2014-இல் மறைந்த வாண்டுமாமாவுக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

வி. கிருஷ்ணமூர்த்தி என்பது இயற்பெயர். பெரியவர்களுக்கு எழுதுகையில் கௌசிகன். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நூல்கள் என்று அபிமானிகள் பெருமையோடு கணக்குச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்கில் அவ்வளவு பிரேமை இல்லை. ஓவியராகும் ஆசையோடு பத்திரிகை உலகில் நுழைந்தவராதலால், படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அறிந்து பேனாவை அடக்கத் தெரிந்திருந்ததே அவருடைய விசேஷ சாமர்த்தியம் என்பது என் அபிப்பிராயம். சிறுவன் மரத்திலிருந்து குதிப்பதை ஓவியர் செல்லம் வரைந்துவிட்டபின், அவன் வாயில் 'இதோ குதிக்கிறேன்' என்று போடுவது விரயம். வசனத்துக்கான அந்தச் சிறு வட்டத்துக்குள் அவன் பயத்தையோ குறும்பையோ நாலு சொல்லில் வைக்க வேண்டும். சென்னிமலையில் போர்வை நெய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; பாவின் வேலையை ஊடை செய்யப் புகுந்தால் துணி என்னவாகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கல்கி நிறுவனத்தில் நெடுங்காலம் உழைத்து, 1972-இல் தோன்றிய சிறுவர் இதழான கோகுலத்திலும் பங்கு கொண்ட இவரது உச்ச ஆட்டம், 1984-இல் பைகோ நிறுவனம் தொடங்கிய சிறுவர் இதழான பூந்தளிரில்தான் நிகழ்ந்தது. நம் ஊர்ப் பேருந்து நிலையத்துக் கடையில் தொங்கிய அவ்விதழைப் பிரித்தால், அனந்த் பையின் கபீஷும், காக்கை காளியும், வேட்டைக்கார வேம்பும் வடக்கிலிருந்து வந்த பலமான எதிரணியாக நிற்க, செல்லத்தின் தூரிகையோடு இவருடைய பலே பாலுவும் சமத்து சாருவும் சளைக்காமல் ஈடுகொடுத்தார்கள். சாகசக் கதைகளில் முடிச்சை அவிழ்க்கும் கட்டத்தில் இவர் சற்று அவசரப்படுவார். ஹாஸ்யத்தில் அந்தக் குறை இல்லை.

களம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் ஒப்பீடு: அமெரிக்காவில் 1993-இல் தோழர்களோடு மைல்ஸ்டோன் என்ற காமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய டுவைன் மெக்டஃபி, தாம் பங்கேற்றுப் படைத்த ஸ்டேட்டிக் என்னும் நாயகனை 2000-இல் தொலைக்காட்சித் தொடராகவும் கண்டு, ஜஸ்டிஸ் லீக் தொடருக்கும் எழுதும் பாக்கியம் பெற்றார். அங்கே தாளிலிருந்து திரைக்குப் பாதை இருந்தது. இங்கோ 1987-இல் ஞாயிறு காலைகளை ராமாயணத் தொலைக்காட்சித் தொடர் கைப்பற்றிக்கொண்டது. தமிழ்ப் படக்கதைக்காரரைக் கூப்பிட்டு வசனம் எழுதச் சொல்லும் கார்ட்டூன் கூடம் ஒன்று வளர்ந்திருக்கவில்லை. அது ஆட்டக்காரரின் குற்றமன்று. பூந்தளிர் நின்ற பின்னும் வாண்டுமாமா எழுதாமல் இருக்கவில்லை. 'தோன்றியது எப்படி', 'மருத்துவம் பிறந்த கதை' போன்ற அவருடைய அறிவு நூல்கள் நல்ல நூல்கள்தாம்; எனினும் என் ஓட்டு பலே பாலுவுக்கே.