முதலிடம் ‘வெண்பா’வுக்கே

2023-இல் வந்த வீடியோ கேம்களில் எனக்கு மூன்றாவது ‘செல்டா’, இரண்டாவது ‘பால்டர்ஸ் கேட் 3’. முதலிடம், ஒரே மாலையில் ஆடி முடித்துவிடக்கூடிய ‘வெண்பா’வுக்குத்தான். டொரண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கியது. 2024-இல் அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருது பெற்றது.

1980களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம். அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்து, கறைபட்டுக் கிடக்கிறது. அழிந்த வரியை நாம்தான் ஊகிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர். பாளையங்கோட்டை அடுக்களைகளில் கை தானாகச் செய்கிற வேலை! வளர்ந்த மகன் கவின், அம்மாவின் தமிழைத் தட்டுத்தடுமாறிப் படித்துச் சமைக்கும் இடத்தில் நெஞ்சு அடைத்துக்கொண்டது.

அடுத்த பாகம் வந்தால் திருநெல்வேலிச் சொதி வேண்டும். தேங்காயின் மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும், கெட்டியான முதல் பால் கடைசியில், கொதிக்கவிட்டால் திரிந்துவிடும்.