சொல் வராத காதலர் இருவர்

எஃப். ஆர். டேவிட் என்னும் பெயரை இன்று நம்மில் பலர் அறியார். ஆயினும் 1982-இல் அவர் பாடி வெளிவந்த 'வேர்ட்ஸ்' என்னும் ஆங்கிலப் பாடலின் மெட்டைக் கேட்டவுடன் தலையசைப்பவர் நம்மிடையே உண்டு. மேற்கு ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் முதலிடம் பெற்று, மறு ஆண்டு பிரித்தானியாவில் இரண்டாம் இடம் வரை ஏறிய பாடல் அது. பாடியவர் ஆங்கிலேயர் அல்லர். துனீசியாவில் பிறந்து பிரான்சில் இசை வாழ்வைத் தொடங்கியவர். இயற்பெயர் ராபர்ட் ஃபிட்டூசி.

அப்பாடலின் பொருள் மிக எளிது. தன் அன்பைச் சொல்லச் சொற்கள் கிட்டவில்லை என்று ஒருவன் தன் அன்புக்குரியவளிடம் சொல்கிறான், அவ்வளவே. பள்ளிச் சிறுவனும் அறிந்த சொற்கள். உரத்து எழாத மெல்லிய உச்சக் குரல். தாய்மொழியல்லாத ஒரு மொழியில் நின்றுகொண்டு, 'எனக்குச் சொல் வரவில்லை' என்று பாடும்போது, அது வெறும் பாவனையாக நமக்குத் தோன்றுவதில்லை. இரவல் மொழியின் வறுமையையே பாட்டின் செல்வமாக்கிக்கொண்டார் என்று நாம் கருதுகிறோம்.

நம் மண்ணிலும் இதற்கு ஓர் இணை உண்டு. 2011 நவம்பர் 16 அன்று இணையத்தில் வெளியான 'ஒய் திஸ் கொலவெறி டி' பாடலைத்தான் சொல்கிறோம். '3' என்னும் திரைப்படத்திற்காகத் தனுஷ் எழுதிப் பாட, அப்போது 21 வயதேயான அனிருத் இசையமைத்தார். படம் 2012 மார்ச்சில் திரைக்கு வருமுன்பே பாடல் உலகெங்கும் பரவிவிட்டது. இந்தித் திரைப்படப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதன் வரிகளைக் கடுமையாகக் குறை கூறினார். தமிழ் கெட்டது என்று இங்கும் வருந்தினர்.

மொழியைப் பற்றிய அந்த வருத்தத்தில் நமக்கு உடன்பாடில்லை. ஏறத்தாழ ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் ஈற்றிலும் ஓர் உகரத்தை ஒட்டிவிட்டுத்தான் தனுஷ் பாடுகிறார். வல்லெழுத்தில் சொல்லை முடிக்க நம் நாவு இசைவதில்லை. 'பஸ்' நமக்குப் 'பஸ்ஸு'. அயற்சொல் தமிழுக்குள் வரும்போது தன் எழுத்தைக் களைந்து தமிழ் எழுத்தை உடுத்தி வரவேண்டும் என்பது வடசொல் பற்றித் தொல்காப்பியர் வகுத்த நெறியன்றோ? அவ்வகையில் பார்த்தால், ஆங்கிலத்தைத் தமிழ் இலக்கணத்திற்குப் பணியவைத்த பாடல் என்றே இதனைச் சொல்லலாம். தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்தொடர் வண்டியில் நம் பிள்ளைகள் பேசும் மொழியும் இதுதான். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் மொழியைச் செவிமடுத்தே பழகிய பகுதி இது. கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்திற்கு வந்தபின் அவ்வொலி இன்னும் நெருங்கிற்று. கலப்புமொழிக்காக நம் இளையோரைக் கடிந்துகொள்ளும் பெரியோர், தம் பேச்சையே ஒருநாள் பதிவு செய்து கேட்பது நலம்!

நம் குறை வேறிடத்தில் இருக்கிறது. டேவிடின் காதலன் அவளை நோக்கிப் பேசுகிறான். தனுஷின் காதலனோ தன்னைச் சூழ்ந்த பையன்களுக்காகப் பாடுகிறான். காணொலியும் நண்பர்கள் கூடிய பதிவுக்கூடத்தின் சிரிப்பாகவே அமைந்திருக்கிறது. அவள் அங்கே இல்லை. 'டி' என்னும் விளி மட்டுமே அவளுக்குரிய இடம். அவளது வெண்ணிறத் தோல் சொல்லப்படுகிறது, அடுத்த மூச்சில் அவள் உள்ளம் கறுப்பு என்று தீர்ப்பும் வந்துவிடுகிறது. நிறத்தைக் கொண்டு நன்மை தீமை அளக்கும் பழக்கம் நம் வீட்டுத் திருமணப் பேச்சிலேயே போதிய அளவு இருக்கிறது. பாட்டும் அதையே திருப்பிச் சொல்லவேண்டுமா? யாவற்றுக்கும் மேலாக, கொலைவெறி யாருக்கு என்று பாருங்கள். காதலை மறுத்த பெண்ணுக்காம்!

2022 அக்டோபரில், இதே தடத்தில், பரங்கிமலை ரயில் நிலைய நடைமேடையில் நின்றிருந்த கல்லூரி மாணவி ஒருவரை, அவரைப் பின்தொடர்ந்து வந்த இளைஞன் ஓடும் வண்டியின் முன் தள்ளிக் கொன்றான். 2024 டிசம்பரில் நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. ஒரு பாட்டு அவன் கையைத் தள்ளிற்று என்று சொல்வது அறிவுடைமை ஆகாது. நாம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்த நடைமேடையைக் கடந்து நாள்தோறும் கல்லூரிக்குச் செல்லும் மகள்களையுடைய நாம், மறுப்பவளே கொலைவெறி கொண்டவள் என்னும் நகைச்சுவைக்கு முன்போல் சிரிக்க முடிவதில்லை.

இசையைக் குறைத்து மதிப்பிட நமக்கு மனமில்லை. அனிருத்தின் தாளம் நம் தெருவின் தாளம். நாதஸ்வரமும் உருமியும் அதில் கூசாமல் ஒலிக்கின்றன. மெட்டளவில் 'வேர்ட்ஸ்' இதற்கு ஈடாகாது என்றும் சொல்வோம். மூன்றாம் முறை கேட்கையில் அது சற்றுச் சலிப்பூட்டுகிறது. எனினும், நம் பங்குகளில் இளையோர் கூடும் மாலையொன்றில் இவ்விரண்டையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்து, பாடப்படும் பெண் என்ன மறுமொழி சொல்லியிருப்பாள் என்று அங்குள்ள பெண்பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். தமிழிலோ ஆங்கிலத்திலோ இரண்டும் கலந்தோ, அவர்கள் விருப்பம்.